6-4-3

அன்புள்ள ஐயா,

பேஸ்பால் ஆட்டத்துக்குப் பென்சிலும் ஸ்கோர் நோட்டும் எடுத்துப் போவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். முடிவில் “நூலகத்தில் நான் பார்க்கும் வேலையும் இதுதான்” என்று ஒரு வரி எழுதி விட்டுவிட்டீர்கள். எனக்குப் புரியவில்லை. பேஸ்பால் நான் பார்த்ததே இல்லை.

தஞ்சாவூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. “எல்லாம்தான் போன்லயே வருதே, இவ்வளவு பெரிய ரீடிங் ஹால் எதுக்கு?” என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள். பாதி ஹாலைத் தடுத்து வேலைவாய்ப்புப் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கனடாவில் ஒரு பல்கலைக்கழக நூலகர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? அங்கேயும் இந்தக் கேள்வி வருகிறதா?

அன்புடன்,
க., தஞ்சாவூர்

*

அன்புள்ள க.,

இங்கேயும் அதே கேள்வி வருகிறது. நாள் முழுக்க என்ன செய்கிறேன் என்பதற்கு, போன இலையுதிர் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மாணவி ரெஃபரன்ஸ் மேசைக்கு வந்து, டொரன்டோ வரலாற்றுப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டார். கனடா வரலாற்றுக்கு இங்கே எஃப்.சி. என்று தனி வகைப்பாடு உண்டு. எந்த மாடி என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் மேசைக்கு வருகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு வேண்டியதாக இருக்காது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தக் காலம், எந்தப் பகுதி என்று பேச்சுக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் விஷயம் வந்தது. அவருடைய பாட்டியின் அப்பா 1920களில் ஸ்படைனா அவென்யூ பக்கம் தையல்காரராக இருந்தவர், போலந்திலிருந்து வந்த யூதர். குடியிருந்த தெருவின் பெயர் மட்டும் குடும்பத்தில் நினைவிருக்கிறது, கதவு எண் யாருக்கும் தெரியாது. அந்த வீடு இன்னும் நிற்கிறதா? இதுதான் அந்தப் பெண்ணின் கேள்வி.

அந்தக் காலத்தில் நகர டைரக்டரி என்று ஒன்று அச்சிட்டார்கள். தெருத் தெருவாக, கதவு எண் வரிசையில், குடியிருப்பவரின் பெயரும் தொழிலும் இருக்கும். அப்புறம் கோட் (Goad) என்ற கம்பெனியின் தீ இன்சூரன்ஸ் வரைபடங்கள். 1880களிலிருந்து 1924 வரையான டொரன்டோவை அவற்றில் கட்டடம் கட்டடமாகப் பார்க்கலாம். செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள், கல் என்றால் நீலம். எது சீக்கிரம் தீப்பிடிக்கும் என்று இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக வரைந்தது. டைரக்டரியில் தையல்காரரின் பெயரைப் பிடித்தோம், கதவு எண் கிடைத்தது. வரைபடத்தில் அந்த எண் இளஞ்சிவப்பு. அன்று மாலையே அந்தப் பெண் 510ஆம் எண் ஸ்ட்ரீட்காரில் (டிராம்) போய்ப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பினார். செங்கல் சுவர் அப்படியே இருக்கிறது. கீழே இப்போது ஒரு பழக்கடை.

அந்த வரைபடங்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. பழைய டைரக்டரிகளும் அப்படியே. அந்த அளவுக்கு உங்கள் நிர்வாகம் சொல்வது சரிதான். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாதவர் அதை எந்தச் சொல் போட்டுத் தேடுவார்? வரைபடத்தில் அந்த வீட்டுக்கு வண்ணம் தீட்டிய ஆளுக்கு இந்தக் கொள்ளுப்பேத்தியைத் தெரியாது. அதைத் தூக்கிப் போடாமல் வைத்த நூலகருக்கும், “டொரன்டோ – வரைபடங்கள்” என்று பதிந்து வைத்தவருக்கும் தெரியாது. முன்பின் தெரியாத இத்தனை பேர் ஆளுக்கொரு வேலையைச் சரியாகச் செய்ததால் ஒரு வீடு கிடைத்தது.

பேஸ்பாலில் இருப்பதும் இதேதான். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு எண். பந்து எறிபவர் 1, அவருக்கு எதிரே பிடிப்பவர் 2, இப்படிப் போகும். பேஸ் என்பது பந்தை அடித்தவர் வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடம். முதல் பேஸ்காரர் 3, இரண்டாவது பேஸ்காரர் 4. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்பவர் ஷார்ட்ஸ்டாப், அவர் 6. அவர் பந்தைப் பொறுக்கி இரண்டாவது பேஸ்காரரிடம் எறிய, அவர் வாங்கி முதல் பேஸுக்கு எறிய, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். இதற்கு ஸ்கோர் கட்டத்தில் 6-4-3 என்று எழுதினால் போதும். மூன்று முறை அடிக்கத் தவறி வெளியேறினால் கே என்ற ஆங்கில எழுத்து. மட்டையையே வீசாமல், கடைசிப் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். அடித்துப் பார்த்தவருக்கும் சும்மா நின்றவருக்கும் வேறு வேறு குறி வேண்டும் என்று யாரோ அக்கறையாக யோசித்திருக்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் மைதானத்தின் மேல் மாடத்தில், 500 எண் பகுதியில், எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு பெரியவர் உட்கார்வது வழக்கம். 1993 அக்டோபர் 23 அன்று அவர் எழுதிய தாளை ஒரு முறை கொண்டுவந்து காட்டினார். அப்போது நான் இந்த நகரத்துக்கே வரவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் வரிசையாக நான்கு கட்டங்கள்: ஹெண்டர்சன் நான்கு பந்தை விட்டு நடந்து முதல் பேஸுக்குப் போகிறார், ஒயிட் கேட்ச், மோலிடர் ஒரு அடி, அடுத்து ஜோ கார்ட்டரின் கட்டத்தில் பென்சிலால் அழுத்தி நிரப்பிய வைர வடிவம். ஹோம் ரன், அதாவது அடித்தவரும் பேஸில் நின்றவர்களும் எல்லா பேஸையும் சுற்றி வந்துவிடும் அடி. 6-5 என்று பின்தங்கியிருந்த எங்கள் டொரன்டோ அணி ப்ளூ ஜேஸ் 8-6 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கிவிட்டது. பார்க்காத ஆட்டத்தை அந்த நான்கு கட்டங்களில் நான் பார்த்தேன்.

2025 நவம்பர் 1 இரவு எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம், டொரன்டோவிலேயே. ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை நாங்கள் முன்னால். பதினொன்றாவதில் எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 5-4 என்று முடித்துவிட்டார்கள். கடைசிக் கட்டத்தில் நான் எழுத வேண்டியிருந்தது 6-3. ஷார்ட்ஸ்டாப் தானே ஓடி இரண்டாவது பேஸை மிதித்து, முதல் பேஸுக்கு எறிந்துவிட்டார், அதனால் நடுவில் 4 இல்லை. கை ஓடவில்லை. ஆனாலும் எழுதினேன். ஜெயித்ததை மட்டும் எழுதி வைத்தால் அந்த நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

மேசைக்கு வெளியே என் நேரத்தில் பெரும்பகுதி இதழ்ச் சந்தாவில் போகிறது. இதை உங்கள் நிர்வாகத்துக்கு அவசியம் சொல்லுங்கள். அச்சு இதழை வாங்கினால் அது நம் அலமாரியில் இருக்கும். மின்னிதழுக்குக் கட்டுவது பெரும்பாலும் வாடகை. சந்தாவை நிறுத்தினால், காசு கொடுத்த பழைய வருடங்களும் சேர்ந்து போய்விடலாம். போகாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, ஒரு கட்டுரையை வேறு நூலகத்துக்கு அனுப்பலாமா என்று வரி வரியாகப் படிக்க ஒரு ஆள் வேண்டும். டொரன்டோவில் ஆஸ்குட் ஹால் கட்டடத்தில் வழக்கறிஞர்களுக்கான நூலகம் ஒன்று இருக்கிறது. அங்கே கேட்பவர்களுக்குத் தீர்ப்புகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததற்காகப் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2004இல் நூலகத்தின் பக்கம் தீர்ப்பானது. ஆய்வுக்காகப் பிரதி எடுப்பதைப் பயன்படுத்துபவரின் உரிமை என்றே நீதிபதிகள் சொன்னார்கள். அன்றாடம் மேசையில் நடக்கிற சின்ன வேலைதான் அவ்வளவு தூரம் போனது.

தமிழ்ப் புத்தகத்துக்கும் இப்படி ஆள் வேண்டும். அமெரிக்க, கனடிய நூலகங்களின் கேட்லாகில் ழகரத்தை ஆங்கில எல் எழுத்துக்குக் கீழே கோடு போட்டு எழுதுவது முறை. நம் பிள்ளைகள் இசட்டும் எச்சும் போட்டுத் தேடிவிட்டு, புத்தகம் இல்லை என்று போய்விடுகிறார்கள். பி.எல். 4758 என்ற எண்ணில் அது அலமாரியில்தான் இருக்கும்.

சரி, உங்கள் ஹாலுக்கு வருகிறேன். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ராபார்ட்ஸ் என்று பதினான்கு மாடி நூலகம் இருக்கிறது, 1973இல் திறந்தது. இளநிலை மாணவர்களைப் புத்தக அடுக்குகளுக்குள் விடுவதில்லை என்றுதான் முதலில் திட்டம். 1972இல் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்து போராடி அதை மாற்றினார்கள். அதே நூலகத்துக்கு 2022இல் ஐந்து மாடியில் ஒரு புதுப் பகுதி சேர்ந்தது. புத்தக அலமாரிக்காகக் கட்டியது அல்ல. உட்கார்ந்து படிக்க மட்டும் சுமார் 1200 இடங்கள். எல்லாம் போனில் வரும் காலத்தில்தான் அதைக் கட்டினார்கள்.

காரணம் எங்கள் மேசையிலிருந்தே தெரியும். டிசம்பர் தேர்வு நேரத்தில் வெளியே பனி கொட்டும். டொரன்டோ வாடகைக்கு ஒரு அறையை மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டவர்கள் காலை எட்டு மணிக்கே வந்து இடம் பிடிப்பார்கள். லேப்டாப் அவர்களுடையது. அவர்கள் நூலகத்திடம் வாங்குவது ஒரு மேசை, ஒரு விளக்கு, சத்தமில்லாத நான்கு மணி நேரம். உங்கள் கல்லூரிக்கு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீட்டில் தனி மேசை இருக்கும்? உங்கள் ஹாலில் இருக்கும் நாற்காலியும் நூலகத்தின் இருப்புதான். புத்தகத்தைக் கணக்கில் எழுதுகிறோம், நாற்காலியை எழுதுவதில்லை. அதனால்தான் எடுத்துக்கொள்ள வருகிறார்கள்.

அதை எழுதத் தொடங்குங்கள். வாசலில் கையெழுத்து நோட்டு வைத்தால் போதாது. அது வந்தவர் எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும், எவ்வளவு நேரம் இருந்தார் என்பது அதில் வராது. ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் மேசைகள், மேலே மணி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுற்று நடந்து, எத்தனை பேர், தனியாகவா கூட்டாகவா, நம் புத்தகமா சொந்த நோட்ஸா என்று ஒரு எழுத்துக் குறியாகப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆள் குறைந்த மணியையும் விடாமல் எழுதுங்கள். இடம் தேடி வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவருக்கும் ஒரு தனிக் குறி வேண்டும். அந்த எண் உங்கள் நிர்வாகத்தில் யாரிடமும் இருக்காது.

நான்கு வாரம் எடுங்கள், அதில் ஒன்று தேர்வு வாரமாக இருக்கட்டும். முடிந்ததும் தாள்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நிர்வாகத்துக்கான கடிதத்தைச் சேர்ந்தே எழுதலாம்.