திரையில் ஓட்டம், தலையில் சுழற்சி: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி நாட்களில், ஜேம்ஸ் பாண்ட் என்ற உளவாளியின் கண் வழியே ஆடும் ‘கோல்டன்ஐ 007’ வீடியோ கேமை நண்பர்களுடன் மணிக்கணக்கில் ஆடியிருக்கிறேன். 2023-இல் மீண்டும் வெளிவந்த அதையே இப்போது பெரிய தொலைக்காட்சியில் மகனுடன் ஆடினால், இருபது நிமிடத்தில் தலை சுற்றுகிறது, வியர்த்துக் குமட்டுகிறது. மகனுக்கு ஒன்றும் ஆவதில்லை. இது காது நோயா, மூளைக் கோளாறா?

பதில்: விளையாடும்போது மட்டும் தொடங்கி, நிறுத்திய சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது என்றால், பெரும்பாலும் இரண்டும் இல்லை. பேருந்தில் படித்துக்கொண்டே போகிறவருக்கு வரும் குமட்டலும் இதுவும் ஒரே குடும்பம். காரணம் மட்டும் தலைகீழ். பேருந்தில் உடல் நகர்கிறது, கண் புத்தகத்தில் நிலைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலோ உடல் நாற்காலியில் இருக்க, கண் மட்டும் உளவாளியின் கண்ணாக மாறி நடைவழிகளில் ஓடித் திரும்புகிறது. தலையின் சுழற்சியை உணரும் உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்கள் ‘நாம் அசையவே இல்லை’ என்கின்றன. இரு சாட்சிகளும் முரண்படும்போது மூளை குழம்புகிறது. அதன் விளைவே நீங்கள் சொல்லும் வியர்வையும் குமட்டலும்.

அன்று வராதது இன்று ஏன் வருகிறது? முதல் சந்தேகம் திரையின் மீதுதான். 1995-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தை வைத்து நின்டெண்டோ 64 என்ற விளையாட்டுக் கருவிக்காக 1997-இல் வெளியான இந்த விளையாட்டைப் பெரும்பாலோர் சிறிய குழாய்த் தொலைக்காட்சியில் ஆடினார்கள். திரையைச் சுற்றிச் சுவரும் அலமாரியும் அசையாமல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. பெரிய திரைக்கு அருகில் அமர்ந்தால் பார்வையின் ஓரம் வரை அசையும் காட்சியே நிரம்புவதால், தானே நகர்வது போன்ற மயக்கம் வலுக்கிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக வரும்; உங்களுக்கு அது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டி ஓட்டுபவரைவிட உடன் பயணிப்பவருக்கே வாந்தி அதிகம் வருவதைப் போல, கட்டுப்படுத்தியைப் பிடித்திருப்பவரைவிட வேடிக்கை பார்ப்பவருக்கே தொல்லை அதிகம். அடுத்த அசைவு எங்கே என்பது ஆடுபவரின் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். திரையைப் பிரித்து ஆடும்போது மகனின் பகுதியை எட்டிப் பார்த்தால், உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத அசைவைத்தான் பார்க்கிறீர்கள். அப்படி எட்டிப் பார்ப்பதை உங்கள் பழைய நண்பர்கள் ஏமாற்று வேலை என்றிருப்பார்கள். நான் மருத்துவக் காரணத்துக்காகத் தடுக்கிறேன்.

திரையிலிருந்து நன்றாகத் தள்ளி அமருங்கள், அறை விளக்கை எரியவிடுங்கள், காட்சி திரும்பும் வேகத்தைக் குறைக்க அமைப்பில் வழி இருந்தால் குறையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதல் வியர்வையோ கொட்டாவியோ வந்தவுடன் நிறுத்திவிடுவது. பொறுத்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் அது தொல்லையை மணிக்கணக்கில் நீட்டிக்கவே செய்யும். பழக வேண்டுமானால், குமட்டல் தொடங்கும் முன்பே முடியும் பத்து நிமிட ஆட்டங்களாகச் சில நாட்கள் ஆடி, நேரத்தை மெதுவாகக் கூட்டுங்கள். தலை தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

பயண வாந்திக்கான சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். ஒரு விளையாட்டுக்காக அவற்றை விழுங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

விளையாடாத நேரத்திலும் தலை சுற்றினாலோ, காது இரைந்தாலோ கேட்புத்திறன் குறைந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, இதுவரை அறியாத கடுமையான தலைவலி ஆகியவற்றில் ஒன்று தலைசுற்றலுடன் வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். திரையின் மினுக்கலில் நினைவு தவறுவதோ கை கால் வெட்டி இழுப்பதோ உங்களுக்கோ மகனுக்கோ நேர்ந்தால், அது வலிப்பாக இருக்கக்கூடும் என்பதால் நரம்பியல் மருத்துவர் பார்க்கும்வரை விளையாட்டை முற்றிலும் நிறுத்திவையுங்கள்.