‘அநேகமாக சிசேரியன்தான்’ என்று டாக்டர் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: எனக்கு முதல் குழந்தை, எட்டாம் மாதம் நடக்கிறது. ஸ்கேனில் கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது, குழந்தையின் எடையும் கொஞ்சம் கூடுதல் என்று வந்திருக்கிறது. “அநேகமாக சிசேரியன்தான்” என்கிறார் டாக்டர். இப்போதெல்லாம் தேவையில்லாமல் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். 15 சதவீதத்துக்கு மேல் சிசேரியன் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதாமே? நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் ஸ்கேனைப் பார்ப்போம். கொடி கழுத்தைச் சுற்றியிருப்பது மிகச் சாதாரணம். ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. தலை வெளியே வந்ததும் பிரசவம் பார்ப்பவர் கொடியைத் தளர்த்தி எடுத்துவிடுவார். அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. எடையும் அப்படித்தான். ஸ்கேனில் வருவது கணக்குப் போட்டுச் சொல்லும் எடை. 10 முதல் 15 சதவீதம் கூடவோ குறையவோ வாய்ப்புண்டு. சர்க்கரை நோய் இல்லாத தாய்க்கு, குழந்தை 5 கிலோவைத் தொடும் என்று தெரிந்தால்தான் எடைக்காக முன்கூட்டியே சிசேரியன் பற்றி யோசிக்கலாம் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு. சர்க்கரை நோய் இருந்தால் அந்த அளவு 4.5 கிலோ. ஆக, நீங்கள் சொன்ன இரண்டு காரணங்களை மட்டும் வைத்து எட்டாம் மாதத்திலேயே முடிவு கட்ட வேண்டியதில்லை. வேறு காரணம் இருந்தால் டாக்டர் சொல்லட்டும்.

சரி, அந்த 15 சதவீதம்? 1985-இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் நடந்த கூட்டத்தில்தான் 10 முதல் 15 சதவீதம் என்ற அளவு வந்தது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அதை மறுபடி ஆராய்ந்தது. ஒரு நாட்டின் மொத்தக் கணக்கில் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, சிசேரியன் கூடுவதால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று சொன்னது. கூடவே, குறிப்பிட்ட எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டு, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கிடைக்கும்படி செய்யுங்கள் என்றும் சொன்னது. பலர் மேற்கோள் காட்டும்போது இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். 1990 வாக்கில் 7 சதவீதமாக இருந்த உலக சராசரி, 2021-இல் வந்த கணக்கின்படி 21 சதவீதம். பிரேசில் போன்ற நாடுகளில் பாதிக்கு மேல். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலோ 5 சதவீதம்தான். அங்கே ஆபரேஷன் கிடைக்காமல் தாய்மார்கள் இறக்கிறார்கள். இரண்டுமே எனக்கு வேதனையான விஷயம்தான். ஆனால் இந்த எண்கள் எதுவும் உங்கள் ஒருவருக்கு சிசேரியன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாது.

உங்களுக்கு உதவக்கூடிய எண் ஒன்று இருக்கிறது. மைக்கேல் ராப்சன் என்ற மருத்துவர் 2001-இல் பிரசவங்களைப் பத்து வகையாகப் பிரித்தார். முதல் வகை: முதல் பிரசவம், ஒரே குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்து வலி தானாக வந்தவர்கள். “இப்படிப்பட்டவர்களில் நூறு பேருக்கு எத்தனை பேருக்கு இங்கே சிசேரியன் ஆகிறது?” என்று கேளுங்கள். ஒரே மாதிரி உடல்நிலை உள்ள பெண்ணுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு முடிவும் இன்னொன்றில் வேறு முடிவும் வருவது உண்டு. காத்திருக்கும் பழக்கம், இரவில் ஆள் பலம், வழக்கு வருமோ என்ற பயம் எல்லாம் அதில் கலந்திருக்கும். பணமும் சில இடங்களில் காரணம்தான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் எல்லா டாக்டரையும் அந்தக் கண்ணோடு பார்த்தால், உண்மையான அவசரத்தில் உங்களால் அவரை நம்ப முடியாமல் போகும்.

அப்புறம், வலி வந்தபின் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும்வரை வேகம் பிடிக்காமல் இருப்பது இயல்பு என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாக்கியது. தாயும் சேயும் நன்றாக இருந்தால், 3 சென்டிமீட்டரில் “முன்னேற்றம் இல்லை” என்று ஆபரேஷனுக்குப் போவது அவசரப்படுவது. உங்களுக்கு நெருக்கமான ஒருவர் வலி நேரம் முழுக்கப் பக்கத்தில் இருக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். அது சிசேரியனைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வலி தாங்க முடியுமா என்ற பயம் இருந்தால், முதுகில் போட்டு வலியைக் குறைக்கும் எபிடியூரல் ஊசி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் சிசேரியன் ஆகிவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

முதல் பிரசவத்தில் இவ்வளவு கேட்கச் சொல்வதற்குக் காரணம் அடுத்த பிரசவம். சிசேரியன் தழும்புள்ள கர்ப்பப்பையில் அடுத்த முறை நஞ்சு (குழந்தைக்குச் சத்து கொடுக்கும் பிளசென்டா) கீழே இறங்கி அமர்ந்தால், அது தழும்போடு ஒட்டி வளரும் ஆபத்து இருக்கிறது. ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த நிலையில் சுமார் 11 சதவீதம், இரண்டு ஆனவர்களுக்கு 40 சதவீதம். ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போய்க் கர்ப்பப்பையையே எடுக்க நேரிடலாம். ஒரு சிசேரியனுக்குப் பிறகு இயல்பாகப் பெற முயல்பவர்களில் பெரும்பாலோருக்கு அது கைகூடுகிறது. அப்படி முயலும்போது பழைய தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து ஏறக்குறைய 200-இல் ஒருவருக்கு. ஒரு குழந்தை போதும் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு அவசரம் இல்லாத பட்சத்தில், தேதி குறித்துச் செய்யும் சிசேரியன் 39 வாரம் முடியும் முன் வேண்டாம். குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

வாதாடக் கூடாத இடங்களும் உண்டு. நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருப்பது, வலி வந்தும் குழந்தை குறுக்கே கிடப்பது, பனிக்குடம் உடைந்து கொடி வெளியே வருவது, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி மேலே ஏறாமலே இருப்பது. இப்படிச் சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஆபரேஷன் உங்கள் இருவரையும் காப்பாற்றுவதற்காக. அதில் வெட்கப்படவோ குற்ற உணர்வு கொள்ளவோ எதுவும் இல்லை.

அடுத்த செக்கப்புக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போய், “இன்றைய நிலையில் சிசேரியனுக்கு என்ன காரணம், காத்திருந்தால் என்ன ஆபத்து?” என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் ரிப்போர்ட்டுகளோடு இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்; அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. நடுவில் குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.