மேசை யாருக்குக் கிடைத்தது?

கேள்வி: இங்கிலாந்தின் ரியான் எவன்ஸ் பெண்கள் உலக ஸ்னூக்கர் பட்டத்தைப் 12 முறை வென்றவர் என்று சென்ற இதழில் பாராட்டியிருந்தீர்கள். ஆண்களோடு மோதியபோது அவர் பெரும்பாலும் தோற்றுத்தானே போனார்? உடல் பலம் தேவைப்படாத ஆட்டத்திலேயே இதுதான் நிலை என்றால், அந்தப் பட்டங்களுக்கு என்ன மதிப்பு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தோற்றார் என்பது உண்மைதான். 2010-11 பருவத்தில் முதன்மைத் தொழில்முறைச் சுற்றில் இடம் பெற்று ஆடியபோது, அவரால் ஓர் ஆட்டத்தையும் வெல்ல முடியவில்லை. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தோல்விக்குக் காரணம் அவர் பெண்ணாகப் பிறந்தது என்று நீங்கள் சொல்லாமல் சொல்லும் முடிவை எங்களால் ஏற்க முடியாது.

கோலால் பந்துகளை மேசையின் குழிகளில் தள்ளும் ஸ்னூக்கருக்கு உடல் பலம் வேண்டாம் என்கிறீர்கள், சரி. வேண்டியது என்ன? பன்னிரண்டு அடி நீள மேசை, அதன் அருகே சிறு வயதிலிருந்தே கழியும் ஆயிரக்கணக்கான மணி நேரம், தன்னைவிடத் திறமைசாலியான எதிராளி, நாள் முழுவதும் பயிற்சி செய்தாலும் வீட்டு வாடகையைக் கட்டுமளவுக்கு வருமானம். இவற்றில் எது எவன்ஸுக்குத் தாராளமாகக் கிடைத்தது?

இந்த ஆட்டம் ஜபல்பூரில் வெள்ளை இராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியில் 1875-இல் பிறந்தது. அதன் விதிகள் நம் உதகமண்டலத்து மன்றத்தில்தான் எழுதி மாட்டப்பட்டன. இங்கிலாந்தில் அது வேரூன்றிய இடம் தொழிலாளர் மன்றங்கள்; அவையும் ஆண்களின் கோட்டைகளே. வேக்ஃபீல்டு நகரின் மன்றம் ஒன்றில் ஷீலா கேப்ஸ்டிக் என்ற பெண்ணை 1978-இல் ஸ்னூக்கர் மேசையிலிருந்து விலக்கி வைத்தார்கள். அவர் ஓய்ந்துவிடாமல் சம உரிமைக்காக இயக்கமே நடத்தினார். அத்தகைய மன்றங்களின் ஒன்றியம் பெண்களுக்குச் சம உறுப்பினர் உரிமை தர இசைந்தது எப்போது தெரியுமா? 2007-இல். டட்லி என்ற தொழில் நகரத்தில் 1985-இல் பிறந்த எவன்ஸ், அதற்குள் 2005-லும் 2006-லும் உலகப் பட்டம் வென்றுவிட்டிருந்தார். உலக வீராங்கனை ஆன பிறகும் தன் நாட்டு மன்றங்களில் முழு உறுப்பினர் உரிமை பெற முடியாதிருந்த ஒருவரை, பத்து வயதிலிருந்து அதே மன்றங்களில் இரவு பகலாக ஆடி வளர்ந்த ஆண்களோடு நிறுத்தி எடை போடுகிறீர்கள்.

அடுத்து, பணம். 2014-இல் ஆண்களின் உலகப் பட்டத்தை வென்ற மார்க் செல்பிக்கு 3,00,000 பவுண்டு கிடைத்தது. அதே ஆண்டு தொடர்ந்து பத்தாவது முறையாகப் பெண்கள் பட்டம் வென்ற எவன்ஸின் பரிசு 2,000 பவுண்டைக்கூடத் தொடவில்லை. மகளையும் வளர்த்துக்கொண்டு, அந்தத் தொகையை நம்பி எவரால் முழுநேரமும் ஆட முடியும்? அவருக்கு முன் கோலோச்சிய அலிசன் ஃபிஷர், ஏழு முறை உலகப் பட்டம் பெற்றும், 1995-இல் ஸ்னூக்கரை விட்டு அமெரிக்காவுக்குப் போய் ஸ்னூக்கரைப் போன்ற மேசை ஆட்டமான பூலில் சேர்ந்துகொண்டார். திறமை குறைந்து அவர் போகவில்லை. பிழைக்க வழி அங்கே இருந்தது.

2008 முதல் 2011 வரை எவன்ஸ் பெண்கள் போட்டிகளில் தொடர்ந்து 90 ஆட்டங்களை வென்றார். கேட்க மலைப்பாக இருக்கும் இந்தச் சாதனைக்குள் ஓர் இழப்பும் ஒளிந்திருக்கிறது. பலவீனமான எதிராளியிடம் தொலைவிலிருந்து குழிக்குள் தள்ள வேண்டிய சிவப்புப் பந்து ஒன்றைத் தவறவிட்டாலும் இரண்டொரு நிமிடத்தில் மேசைக்குத் திரும்பிவிடலாம். தேர்ந்த தொழில்முறை வீரரிடம் அதே பந்து குழியின் வாயில் தட்டி வெளியே நின்றுவிட்டால், நாற்காலியில் அமர்ந்து, கோலை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, அவர் எழுபது எண்பது புள்ளிகள் சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் தற்காப்பாக ஆடக் கற்கிறார்கள். அந்தப் பாடம் எவன்ஸுக்கு ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே கிடைத்தது.

கிடைத்த சில நாள்களில் அவர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 2013-இல் சீனாவின் வூஷி போட்டியின் தகுதிச் சுற்றில் தாய்லாந்தின் தெப்சையா உன்-நூவை 5-4 என்று வென்று, தரவரிசைப் போட்டியொன்றின் பிரதான கட்டத்தை எட்டிய முதல் பெண்ணானார். 2015-இல் ஆண்களும் ஆடும் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில், 1997-இல் உலகப் பட்டம் வென்ற கென் டோஹெர்ட்டியோடு பதினெட்டு பிரேம்கள் (ஒரு போட்டிக்குள் வரும் தனித்தனி ஆட்டங்கள்) மல்லுக்கட்டி 8-10 என்று தோற்றார். இரண்டு ஆண்டு கழித்து அதே தகுதிச் சுற்றில் பின்லாந்தின் ராபின் ஹல்லை 10-8 என்று வீழ்த்தினார். வெறும் பட்டக் கணக்கைவிட எங்களுக்கு அந்த 8-10 தோல்வி பெரிதாகத் தெரிகிறது.

முதன்மைச் சுற்றில் இரண்டு ஆண்டு ஆடும் வாய்ப்பு 2021-இல்தான் பெண்கள் சுற்றின் வழியாக அவருக்கும் ஹாங்காங்கின் இங் ஆன்-யீக்கும் வழங்கப்பட்டது. அப்போது எவன்ஸுக்கு வயது 35. உச்சத்தில் இருந்த இருபதுகளில் ஒரே ஒரு பருவம் தந்துவிட்டு, முப்பத்தைந்தில் கதவைத் திறந்து, ‘இப்போது ஜெயித்துக் காட்டு’ என்பது நியாயமான சோதனையாகப் படவில்லை.

அதே இங் ஆன்-யீயைத்தான் நம் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில், அமெச்சூர் வீரர்களுக்கான உலகப் போட்டியின் பெண்கள் இறுதியாட்டத்தில் 3-2 என்று வென்றார். ஆகவே இந்தக் கேள்வி இங்கிலாந்தோடு முடிந்துவிடவில்லை. உங்கள் ஊரில் ஸ்னூக்கர் மேசை உள்ள மன்றம் ஏதேனும் இருந்தால், ஒரு மாலை அங்கே போய், கோல் பிடித்து நிற்கும் பிள்ளைகளில் பெண் குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள்.