குடியிருக்கும் பகுதியின் வசதிக்கும் பெரியவர்களின் சத்தான உணவுப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் காய்கறிக் கடை பக்கத்தில் இருப்பது மட்டுமே இதைத் தீர்மானித்துவிடாது. ஏழைக் குடியிருப்புகளில் புதிதாகப் பெரிய பல்பொருள் அங்காடிகள் வந்த பிறகும் அங்குள்ளவர்களின் உணவுத் தரம் பெரிதாக மாறவில்லை என்பதை அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வு காட்டியது.

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. திருநெல்வேலி மாநகரில், பாளையங்கோட்டை மகாராஜநகரில் உழவர் சந்தைக்கு அருகே குடியிருந்து மாதச் சம்பளம் வாங்குபவர், ஒரு வாரக் காய்கறியை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அதே மாநகரின் மேலப்பாளையத்தில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்ணோ, மடியில் தட்டை வைத்து இலை வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டுவதிலேயே பகலைக் கழிக்கிறார். அவருக்கு ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து சமைக்கும் நேரமும் கூலியில் குறைகிறது. இந்தக் கணக்கைப் பலரும் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பது பசியைப் பெருமளவு தணித்திருக்கிறது. எனினும் கையில் காசு குறையும்போது தட்டில் சோறு அப்படியே இருக்க, முதலில் குறைவது காயும் பழமும்தான். எது சத்தான உணவு என்று அறியும் கல்வியும் இதில் சேரும். ஆனால் அறிவுரை மட்டும் போதாது; சர்க்கரை நோயாளியிடம் சோற்றைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர், அதற்கு ஈடாக அவர் தெருவில் எது மலிவாகக் கிடைக்கும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.