தங்க அட்டையும் கடைசி வரிசையும்

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளை நெடுநாளாக வாசித்து வருகிறேன். அவற்றில் நீங்கள் தொடாத ஒரு விஷயத்தைக் கேட்கவே இக்கடிதம்.

அலுவல் காரணமாக அடிக்கடி கண்டம் தாண்டிப் பறக்கிறேன். எவ்வளவு தூரமானாலும் எகானமி டிக்கெட்தான் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. ஒரே விமான நிறுவனக் கூட்டணியைச் சேர்ந்த விமானங்களிலேயே போய்வந்ததால், அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு அட்டை சென்ற ஆண்டு கிடைத்தது. விமான நிலையத்தின் லவுஞ்சில், அதாவது தனி ஓய்வுக்கூடத்தில், பெயர் சொல்லி வரவேற்கிறார்கள். குளிக்க வெந்நீர், சாய்ந்துகொள்ள நாற்காலி எல்லாம் உண்டு. அங்கிருந்து எழுந்து போனால், கழிப்பறையை ஒட்டிய வரிசையில் முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கப் பதினான்கு மணி நேரம். உடன் வேலை பார்ப்பவர்கள் ‘வெளியே ராஜா, உள்ளே கூஜா’ என்று கிண்டல் செய்கிறார்கள்.

இந்த ஆண்டு அட்டையைத் தக்கவைத்துக்கொள்ள, பறப்பதால் சேரும் புள்ளிகளில் சில குறைகின்றன. டிசம்பரில் சொந்தப் பணத்தில் எங்கேயாவது பறந்துபோய், அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். என் மனைவி இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. வரிசையை விட்டு விலகி, எனக்கென்று போட்டிருக்கும் தனி வழியில் நடக்கும்போது, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கக் கூசுகிறது. கூசினாலும் நடக்கிறேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொல்வது சரி. முதலில் அவரிடம் இந்த வரியைக் காட்டிவிடுங்கள், பிறகு நாம் நிதானமாகப் பேசலாம்.

அந்த அட்டை வேலை செய்யும் இடம் தரை. செக்-இன் மேசை, பாதுகாப்புச் சோதனை, லவுஞ்ச், விமானம் ஏறும் வாசல், பெட்டிகள் வந்து சுற்றும் பட்டை: இவ்வளவுதான் அதன் ராஜ்ஜியம். கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டால் உங்கள் முதுகும் முழங்காலும் என்ன பாடுபடும் என்பது இருக்கையைப் பொறுத்தது, விமானத்தின் வகையைப் பொறுத்தது. நண்பர்களின் கிண்டல் அந்த அளவுக்கு நியாயம். ஆனால் அவர்கள் ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பிசினஸ் வகுப்பில் போகிறவர் படுக்கையாக விரியும் இருக்கைக்குப் போகிறார். லவுஞ்ச் இல்லாவிட்டாலும் அவர் பயணம் கெடாது. எகானமியில் போகிறவனுக்குத்தான் குளியலும் சாய்நாற்காலியும் உண்மையிலேயே தேவைப்படுகின்றன.

கூட்டணிகளின் விதி எழுதப்பட்டிருக்கும் விதமும் இதற்குச் சாதகமானது. 1997-ல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸின் கோல்டு, அதற்கு இணையாக 1999-ல் வந்த ஒன்வேர்ல்டின் சஃபையர், 2000-ல் வந்த ஸ்கைடீமின் எலைட் பிளஸ் ஆகிய மூன்று அட்டைகளிலுமே நீங்கள் எந்த வகுப்பில் பறக்கிறீர்கள் என்பது லவுஞ்ச் வாசலில் கேள்வியே இல்லை. அன்று அந்தக் கூட்டணி விமானத்தில் போகிறீர்களா, அட்டை செல்லுமா, அவ்வளவுதான். விதிவிலக்குகள் மட்டும் விசித்திரமானவை. ஸ்கைடீமில் பன்னாட்டுப் பயணமாக இருக்க வேண்டும். ஸ்டார் அலையன்ஸைச் சேர்ந்த யுனைடெட் நிறுவனத்திடமே கோல்டு வாங்கியவர் அமெரிக்காவின் உள்நாட்டுப் பயணத்தில் அந்த அட்டையை மட்டும் காட்டி யுனைடெட்டின் லவுஞ்சுக்குள் போக முடியாது. அதே கோல்டை அதே கூட்டணியின் வேறொரு நிறுவனத்தில் வாங்கிய வெளியாள் அவருக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு உள்ளே போவார். பறப்பதற்குப் புள்ளிகளாகக் கிடைக்கும் மைல்களை எந்த நிறுவனத்தின் கணக்கில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் முன் இப்படிப்பட்ட சந்துபொந்துகளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

லவுஞ்சைப் பெரும்பாலோர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். இலவசம் என்பதற்காக வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு விமானத்தில் ஏறி, அங்கே தட்டு வரும்போது அதையும் விடாமல் சாப்பிடுகிறார்கள். நள்ளிரவில் கிளம்பும் விமானம் என்றால் லவுஞ்சில் அளவாகச் சாப்பிட்டு, பல் துலக்கி, தளர்ந்த உடைக்கு மாறி, ஏறியதும் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட வேண்டும். தள்ளுவண்டி வந்து போகும் நேரமும் விளக்கு அணையும்வரை ஆகும் நேரமும் உங்கள் தூக்கக் கணக்கில் சேரும். எகானமியில் தூக்கத்தை இப்படித்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. குளியலைப் புறப்படும் ஊரில் வீணாக்காதீர்கள். இரண்டு நீண்ட பறப்புகளுக்கு நடுவே, டிரான்சிட்டில் குளிப்பதுதான் குளியல். நுழைந்தவுடன் முதல் வேலையாகக் குளியலறைக்குப் பெயர் கொடுங்கள். காலை நேரக் கூட்டத்தில் பலர் காத்திருப்பார்கள்.

கூட்டம் என்றதும் ஒன்று. விமான நிலைய லவுஞ்ச் என்ற ஏற்பாட்டை 1939-ல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கியபோது, அது நிறுவனம் விரும்பி அழைத்தவர்கள் மட்டும் நுழையும் இடம். இன்று நிலைமை வேறு. யாரும் பணம் கட்டிச் சேர்ந்து லவுஞ்சுக்குள் போக வழிசெய்யும், 1992-ல் வந்த பிரயாரிட்டி பாஸ் போன்ற திட்டங்களும், அவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கடன் அட்டைகளும் வாசலை அகலத் திறந்துவிட்டன. சில லவுஞ்சுகளில் உட்கார இடம் தேடி நடப்பதைவிட, ஆளில்லாத ஒரு கேட் பக்கம் போய் அமர்வது சுகம். நான் பல நேரம் அதைத்தான் செய்கிறேன்.

இனி இருக்கை. கழிப்பறைக்குப் பக்கத்து வரிசை என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் கோல்டை வைத்துக்கொண்டு அங்கே ஏன் உட்கார்ந்தீர்கள்? பல நிறுவனங்கள் உங்கள் தகுதியில் இருப்பவருக்கு, காசு கட்டினால் மட்டும் கிடைக்கும் முன்பகுதி இருக்கைகளையும் கால் நீட்ட இடமுள்ள வரிசைகளையும் கட்டணமில்லாமலோ குறைத்தோ தருகின்றன. இது கூட்டணியின் பொது விதி அல்ல, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அலுவலக முகவர் டிக்கெட் போட்ட கையோடு உங்கள் உறுப்பினர் எண் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே இருக்கையைப் பிடித்துவிடுங்கள். அட்டையின் ஆட்சி வானத்துக்குள் எட்டிப் பார்ப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

இருக்கையைவிட முக்கியமானது விமானத்தின் வகை. போயிங் 777 வந்த காலத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேரை உட்காரவைத்தன. இப்போது பத்துப் பேர் என்பதே வழக்கமாகிவிட்டது. விமானம் அகலமாகவில்லை, இருக்கைதான் ஏறக்குறைய 18 அங்குலத்திலிருந்து 17-க்கு இறங்கியது. ஓர் அங்குலம்தானே என்று கேட்பவர், பத்தாவது மணி நேரத்தில் பக்கத்திலிருப்பவரின் தோளோடு தோள் உரசிப் பார்த்திராதவர். போயிங் 787-ல் ஒன்பது பேர் என்பது பொதுவழக்கம். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பன்னாட்டு 787-களில் இரண்டு, நான்கு, இரண்டு என்று எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டது. எந்த நாட்டுக் கோல்டு அட்டையும் தர முடியாத வசதி அது. காற்றிலும் வித்தியாசம் உண்டு. பழைய விமானங்களின் உள்ளழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமமாக இருக்கலாம். 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் அது 6,000 அடிக்கு ஒத்தது. இறங்கும்போது தலை கனப்பது குறைகிறது என்பது என் அனுபவம்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் விமானத்தில் சாதாரண எகானமியே கிடையாது என்பதையும் கவனியுங்கள். பிசினஸும், அதற்கும் எகானமிக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமியும் மட்டுமே. அவ்வளவு தூரத்துக்கு எடையும் எரிபொருளும் போட்ட கணக்கு அது. என்றாலும் அதைப் படிக்கும்போதெல்லாம் யாரோ நம் முழங்காலுக்காக இரக்கப்பட்டதுபோல எனக்கு ஒரு மகிழ்ச்சி. 2018 முதல் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநிற்காமல் பதினேழு மணி நேரம் போகும் குவாண்டாஸ் விமானத்தில் எகானமி உண்டு. அங்கே இரக்கம் எதுவும் இல்லை.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இரண்டு மடங்கு என்றாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே பயப்பட வேண்டாம், எழுந்து நடங்கள். நடைபாதையை ஒட்டிய இருக்கை அதற்காகவாவது வேண்டும்.

அட்டையின் நிஜமான பயன் எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் தெரியாது. பனிப்பொழிவு நாள் ஒன்றில் என் இணைப்பு விமானம் ரத்தானது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பொது மேசையின் முன் நின்ற வரிசைக்கு முடிவு எங்கே என்று தெரியவில்லை. ஊழியர்கள் இருவர் மட்டும். லவுஞ்சுக்குள்ளே இருந்த மேசையில் எனக்கு முன்னால் ஒரே ஒருவர். நான் மறுநாள் காலை விமானத்தில் இடம் பிடித்து வெளியே வந்தபோது, என்னோடு அதே விமானத்தில் வந்திறங்கியவர்கள் இன்னும் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை, தனித் தொலைபேசி எண், லவுஞ்சின் உள்மேசை: கோல்டு என்றால் எனக்கு இவைதான். பெட்டியில் கட்டும் முன்னுரிமைச் சீட்டு அழகானது. அதை மதிக்கும் விமான நிலையங்களும் உண்டு, மதிக்காதவையும் உண்டு.

அட்டை இல்லாதவருக்கும் உள்ள உரிமைகளையும் அப்படியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லிருந்து நடைமுறையில் உள்ள விதி, நிறுவனத்தின் தவறால் விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரை இழப்பீடு தரச் சொல்கிறது. என் கதையில் வந்த பனிப்பொழிவு போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை. ஆனால் உணவும் தங்குமிடமும் அப்போதும் தந்தாக வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் இது பொருந்தும். மேசையில் இருப்பவர் தாமாக முன்வந்து இதைச் சொல்வது அபூர்வம்.

இப்போது உங்கள் டிசம்பர் திட்டம். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது, பறந்த தூரத்துக்கு ஏற்பவே மைல் கிடைத்தது. மலிவான டிக்கெட்டில் நெடுந்தூரம் சுற்றி வந்து அந்தஸ்து சேர்க்கும் வித்தை அப்போது உருவானது. 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கனும், பயணத்தில் சேரும் மைல்களைச் செலவழித்த பணத்தோடு கட்டின. 2025-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்தஸ்துப் புள்ளிகளையே செலவுக் கணக்குக்கு மாற்றிவிட்டது. தூரத்தை வைத்துக் கணக்கிடும் நிறுவனங்களும் மிக மலிவான கட்டண வகைகளுக்கு அற்பமாகவே கொடுக்கின்றன. ஆக, நீங்கள் தேடிப் பிடிக்கும் மலிவு டிக்கெட் போதுமான புள்ளிகளைத் தராது. போதுமான புள்ளிகள் தரும் டிக்கெட் மலிவாக இருக்காது.

இந்தத் திட்டங்கள் யாருக்காக நடக்கின்றன என்பதையும் பாருங்கள். 2020-ல் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்து 6.8 பில்லியன் டாலரும், டெல்டா தன்னுடையதை வைத்து 9 பில்லியன் டாலரும் கடன் வாங்கின. கடன் அட்டைப் பரிசாகக் கொடுக்க வங்கிகளுக்கு மைல்களை விற்பதில் அவ்வளவு வருமானம். உங்கள் தங்க அட்டை அந்தக் கடையின் அலங்கார விளக்கு. கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் ‘நம்ம’ கூட்டணியிலேயே நீங்கள் டிக்கெட் கேட்பீர்கள், அதை உங்கள் முதலாளி கட்டுவார் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்குக்குள் உங்கள் வீட்டுப் பணத்தையும் கொண்டுபோய்ப் போடாதீர்கள். டிசம்பரில் செலவழிக்க நினைத்த தொகையை அடுத்த நீண்ட பயணத்தில் பிரீமியம் எகானமிக்கு ஆகும் கூடுதல் கட்டணமாகக் கட்டுங்கள், நிறுவன விதி அதற்கு இடம் கொடுத்தால். கோல்டு போனால் பெரும்பாலும் ஒரு படி கீழே சில்வரில் நிற்பீர்கள். லவுஞ்சும் சில முன்னுரிமைகளும் போகும், வேறொன்றும் ஆகிவிடாது.

கடைசியாக, கூச்சம். அதை வைத்துக்கொள்ளுங்கள், இருக்க வேண்டியதுதான். செக்-இன்னிலும் பாதுகாப்புச் சோதனையிலும் தனி வழியில் போங்கள்; அங்கே நீங்கள் நின்று தியாகம் செய்வதால் குழந்தையோடு நிற்பவருக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. விமானம் ஏறும்போது மட்டும் என் பழக்கம் வேறு. பதினான்கு மணி நேரம் உட்காரப் போகும் இருக்கையில் அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்காருவதை ஒரு சலுகை என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. தலைக்கு மேல் பெட்டி வைக்க இடம் வேண்டும் என்றால் முன்னால் போங்கள். சின்னப் பைதான் என்றால் பின்னால் நில்லுங்கள்.

உங்கள் அட்டையில் ஒரு விருந்தினரையும் லவுஞ்சுக்கு அழைத்துப் போகலாம். தனியே போகும் நாட்களில் அந்த இடம் காலியாகவே போகிறது. உங்கள் விமானத்துக்கே காத்திருக்கும், தனியாக வந்த வயதானவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நான் கேட்பதுண்டு. ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதில் உங்களுக்கு என்ன கமிஷன்?” என்றார். ஒன்றுமில்லை என்று நம்பவைக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு வந்தார், குளித்தார், நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்கினார். எங்கள் விமானத்துக்கு நான்தான் அவரை எழுப்பிக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

அன்புடன்,
ஆர்.