உள்நாட்டுக் காரா, வெளிநாட்டுக் காரா? பழைய கடன் என்ன ஆகும்?

கேள்வி: மூன்று வருடம் முன்பு முழுக்கக் கடனில் கார் வாங்கினேன். 10 சதவீத வட்டி, ஏழு வருடத் தவணை. இப்போது பெரிய காருக்கு மாற ஆசை. உள்நாட்டு பிராண்டைத்தான் வாங்க வேண்டும் என்கிறார் மாமனார். வெளிநாட்டுக் கார்தான் உழைக்கும் என்கிறார் மைத்துனர். பழைய காரை எடுத்துக்கொண்டு, மிச்சக் கடனைப் புதுக் கடனோடு சேர்த்துவிடலாம் என்கிறார்கள் ஷோரூமில். எந்த பிராண்டை வாங்கட்டும்?

பதில்: உள்நாட்டுக் கார் என்று உங்கள் மாமனார் எதைச் சொல்கிறார்? பிரிட்டனின் ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாடாவிடம் இருக்கின்றன. ஸ்வீடனின் வோல்வோ கார் நிறுவனத்தை 2010-இல் சீனாவின் ஜீலி வாங்கிவிட்டது. ஜெர்மன் பிராண்டான பிஎம்டபிள்யூவின் எக்ஸ்5 அமெரிக்காவின் தென் கரோலினாவில் தயாராகிறது. இதில் எதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? பக்கத்தில் சர்வீஸ் உண்டா, உதிரிபாகம் சீக்கிரம் வருமா, கம்பெனி இங்கேயே நிலைக்குமா, இவற்றைப் பாருங்கள். முழுதாக இறக்குமதியாகும் கார் என்றால் சுங்கவரியும் விலையில் ஏறும். பிராண்ட் பேச்சு இதோடு போதும்.

என்னைக் கவலைப்பட வைத்தது, கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஷோரூம் யோசனைதான்.

உங்கள் முதல் கடனை 100 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியும் அசலில் இன்னும் சுமார் 65 பாக்கி. ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு பிந்தைய தவணைகளைவிட அதிகம். பழைய காரை 55-க்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் பழைய கடனில் 10 அடைபடாமல் நிற்கும். புதுக் கார் 120 என்றால், அந்த 10-ஐயும் சேர்த்துக் கடன் 130. மறுபடியும் அதே வட்டி, அதே ஏழு வருடம் என்றால் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 181 ஆகிவிடும். 120 பெறுமான காருக்கு! அதில் ஒரு பகுதி, உங்களிடம் இல்லாத காருக்கான கடன். மூன்று வருடம் கழித்து இன்னொரு கார் பிடித்துவிட்டால்? பள்ளம் இன்னும் பெரிதாகும்.

மாதத் தவணை குறைவு, கடைசியில் ஒரே பெரிய தொகை என்று ஒரு திட்டமும் காட்டுவார்கள். அதில் கேட்க ஒரே கேள்விதான்: அந்தக் கடைசித் தொகை எங்கிருந்து வரும்? பெரும்பாலும் அதற்கும் ஒரு கடன்தான்.

சரி, என்ன செய்யலாம்? புதுக் கடனுக்குத் தவணை மாதம் 2.16 வரும். இப்போது கட்டுவது 1.66. அந்த 2.16-ஐக் கட்ட உங்களால் முடியும் என்றால், பழைய கடனுக்கே கட்டுங்கள். நான்கு வருடத்தில் முடிய வேண்டியது மூன்றே வருடத்தில் முடிந்துவிடும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று மட்டும் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வருடம் அதே பணத்தைச் சேர்த்து வையுங்கள், முன்பணத்துக்கு உதவும்.

அதுவரை மாமனாரும் மைத்துனரும் வாதாடட்டும். தவணை கட்டப்போவது அவர்கள் இல்லையே.