பழுது பார்த்த பிறகும் சூடாகும் கார்: கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் எந்தெந்த உதிரி பாகத்தை மாற்றினோம் என்பது விரிவாக இருக்கிறது. வண்டி எப்போது சூடாகிறது, தண்ணீர் குறைகிறதா என்ற இரண்டையும் சிலரே எழுதியிருக்கிறார்கள். அவை தெரியாமல் அடுத்த பாகத்தை வாங்க வேண்டாம்.

கேள்வி (திருமங்கலம்): ஐயா, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய கூலண்ட் ஊற்றினார்கள். கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் முள் மேலேறிவிட்டது. ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வருகிறது.

பதில்: எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். பட்டறையில் எத்தனை லிட்டர் வடித்தார்கள், எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று கேளுங்கள்; நான்கு லிட்டர் வடித்த இடத்தில் மூன்றுதான் இறங்கியது என்றால், மீதி ஒரு லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்குமாறு நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். காற்றை வெளியேற்றும் திருகு உங்கள் மாடலில் இருந்தால், குமிழி இல்லாமல் கூலண்ட் மட்டும் வரும்வரை அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தானே திறந்து கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி மூடிவிட்டு, மறுநாள் காலை மீண்டும் பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது.

கேள்வி (கோரிப்பாளையம்): ஃபேன் மோட்டார் புதிது. சிக்னல் நெரிசலில் சூடாகிறது. ரிங் ரோட்டில் ஓடினால் இறங்கிவிடுகிறது. ஃபேன் சுற்றுவதைக் கண்ணால் பார்த்தேன்.

பதில்: ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே பழுது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதும் முக்கியம். மோட்டாரின் இரண்டு ஒயர்களை மாற்றி இணைத்திருந்தால் காற்றை இழுப்பதற்குப் பதிலாக வெளியே தள்ளும். முன்பக்க கிரில்லில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். அது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டைத் திரும்பப் பொருத்தினார்களா என்பதையும், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் வைக்கோலும் அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி (வத்தலக்குண்டு): கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் சூடாகிறது. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டார்.

பதில்: இந்தப் பழக்கம் நம் பக்கத்தில் விடாமல் தொடர்கிறது, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் ஏறத்தாழ 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் பக்கவழியை மூடுகிறது. கழற்றிவிட்டால் அந்தப் பக்கவழி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சமவெளியில் எஞ்சின் தேவையான சூட்டை எட்டாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், ஏற்றத்தில் கொதிக்கும். புதியதைப் பொருத்துங்கள், அதில் சிறு காற்றுத்துளை இருந்தால் அது மேல்நோக்கி இருக்க வேண்டும். அதன் பிறகும் ஏற்றத்தில் சூடானால், ரேடியேட்டர் குழாய்களுக்குள் உப்பு படிந்திருக்கலாம், அல்லது எஞ்சின் வேகம் கூடும்போது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகலாம்.

கேள்வி (மேலூர்): ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனாலும் வாரந்தோறும் கூலண்ட் குறைகிறது.

பதில்: விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். ரேடியேட்டர் மூடியில் பொதுவாக 0.9 அல்லது 1.1 பார் என்று அச்சிட்டிருக்கும். 1.1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரிவரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதற்கு முன்பே கொதித்து ஆவியாகிவிடும். மூடி சரியாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்போல் இறுகுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். இறுகினால் எஞ்சினுக்குள் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது. அந்த எரிந்த வாயுவைக் கண்டறியும் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் உறுதி. அப்படியானால், ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி வளைவைச் சரிபார்த்தார்களா, இழுபடும் வகை போல்ட்டுகளை (முறுக்கும்போது நீண்டுவிடுபவை) புதிதாகப் போட்டு, உரிய வரிசையில் முறுக்கினார்களா என்று கேளுங்கள். வளைந்த ஹெட்டில் எந்த கேஸ்கெட்டும் நிற்காது.

கேள்வி (சோழவந்தான்): முள் சிவப்பைத் தொடுகிறது, ஆனால் எஞ்சின் சூடானதாகவே தெரியவில்லை.

பதில்: வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் வெப்பநிலையை எண்ணாகப் பாருங்கள். அது 90 டிகிரிக்கு அருகில் நின்றால் மீட்டரிலோ அதற்குச் செல்லும் ஒயரிலோ கோளாறு.

கேள்வி (உசிலம்பட்டி): கூலண்ட்டுடன் எங்கள் போர் தண்ணீரைக் கலக்கலாமா?

பதில்: வேண்டாம். குடத்தில் வெள்ளையாகப் படியும் உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும். அடர் கூலண்ட் என்றால் காய்ச்சி வடித்த நீரைச் சம அளவில் கலக்கவும். கலந்தே விற்பதை அப்படியே ஊற்றவும்.